வலது சக்கரத்துச் சந்தனம்

எங்கள் ஊரிலிருந்து வெளியே போக ஒரே வழி, ஏரிக் கலங்கலுக்குக் கீழே இருக்கும் தரைப்பாலம். ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் பாலத்தின் மேல்தான் ஓடும். பாலத்தின் இரு ஓரங்களிலும் சுண்ணாம்பு அடித்த காவல் கற்கள், பக்கத்துக்கு ஒன்பது. ஒரு முழ உயரம்கூட இருக்காது. பாலம் நடுவில் தாழ்ந்தது என்பதால் நடுக்கல் முதலில் மூழ்கும், பிறகு அதன் இரு பக்கத்துக் கற்கள். எங்கள் மொட்டை மாடியில் நின்று எண்ணிவிடலாம். ஒன்பதும் தெரிந்தால் பள்ளிக்கூட வேன் வரும். எட்டு தெரிந்தால் பால்காரர் புலம்பிக்கொண்டே வருவார். ஆறு தெரிந்தால் யாரும் வரமாட்டார்கள், நான் மட்டும் போவேன். என்னிடம் ஜீப் இருந்தது.

இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மழைக்காலம் வரை.

அத்திப்பட்டுப் பக்கம் ஓர் அனல்மின் நிலையத்தில் வாகனப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோய்க் கொட்டும் குளங்கள் அங்கே உண்டு. அவற்றின் கரையைச் சுற்றி வர, நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்புகள்தான் சரிப்படும். ஈரச் சாம்பலில் சாதாரண வண்டி இறங்கினால் அப்புறம் அதைப் பார்க்க ஆள் கூட்டிப் போகலாம், எடுத்துக்கொண்டு வர முடியாது. அந்த ஜீப்புகளைக் கிளப்புமுன் பார்க்க வேண்டியவை இருபத்திரண்டு. பட்டியலை எழுதியவன் நான்தான்.

பட்டியலில் ஓட்டுநர்கள் டிக் போடுவார்கள். டிக்கில் இரண்டு வகை. வண்டிக்கு அடியில் படுத்து, பார்த்துவிட்டு, கிரீஸ் ஒட்டிய விரலால் போடுவது ஒன்று. டீ குடித்துக்கொண்டே மேலிருந்து கீழே இருபத்திரண்டையும் ஒரே இழுப்பில் போடுவது இன்னொன்று. இரண்டாவதற்கு நான் வைத்த பெயர் ‘நாற்காலி டிக்’. காகிதம் சுத்தமாக இருந்தால் உடனே ஆளைக் கூப்பிடுவேன்.

“மூணாவது பாத்தியா?”

“பாத்துட்டேன் சார்.”

“நாலாவது?”

“அதுவும் பாத்தேன் சார், நல்லா கீது.”

“நாலாவது அயிட்டமே உன் வண்டியில கெடையாதுப்பா. நேத்துதான் சும்மா சேத்து எழுதினேன்.”

என்னை யாரும் விரும்பவில்லை. அதற்காக எனக்குச் சம்பளம் தரவும் இல்லை. ஓய்வு பெற்ற நாளில் ஒரு மர நாற்காலியைப் பரிசாகக் கொடுத்தார்கள். முதுகுப் பலகையின் பின்புறம் யாரோ சாக்பீஸால் பெரிதாக ஒரு டிக் போட்டிருந்தார்கள். நான் அதை அழிக்கவில்லை. சொந்த ஊர் இல்லாதவன் நான். மனைவியின் ஊரில் வீடு கட்டியபோது அந்த நாற்காலியும் வந்து வராந்தாவில் உட்கார்ந்தது.

ஜீப் ஏலத்தில் எடுத்தது. அந்த ஊருக்கு அது ஆடம்பரம் இல்லை. ஏரியில் சவுடு மண் தோண்டி ஏற்றிக்கொண்டு சிப்காட் பக்கம் போகும் லாரிகள் சாலையை உழுது வைத்திருந்தன. சிந்திய மண் மழையில் நனைந்தால் விளக்கெண்ணெய் தடவியது போல ஆகிவிடும். கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்தில் தகரக் கொட்டகை வைத்திருக்கும் பாய்தான் என் மெக்கானிக். அவரை அடிக்கடி தொந்தரவு செய்வது கிடையாது. நான் செய்ய முடியாததை மட்டும் அவரிடம் கொண்டுபோவேன். அவர் செய்யும்போது பக்கத்தில் நிற்பேன். “சார், நீங்க வந்தா எனக்கு பரீச்சைக்கு ஒக்காந்தா மாதிரி கீது” என்பார்.

வண்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது. ஜீப்பில் இரண்டு கியர் தடி. சின்னதைப் போட்டால் இன்ஜின் சக்தி முன் சக்கரங்களுக்கும் போகும். ஆனால் இந்தப் பழைய வண்டிகளில் அது மட்டும் போதாது. முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் கிண்ண அளவில் ஒரு மூடி, அதில் ஒரு திருகு. கீழே இறங்கி, இரண்டு பக்கமும் அதை ‘ஃப்ரீ’ என்ற எழுத்திலிருந்து ‘லாக்’ என்ற எழுத்துக்குத் திருப்ப வேண்டும். கடைசியில் ‘டக்’கென்று விழும். ஒரு பக்கம் விழாமல் போனால், சக்தி முழுவதும் அந்தச் சுலபமான பக்கத்தில் வீணாய்ச் சுற்றும். சரியாகப் பூட்டிய இன்னொரு சக்கரமும் சேர்ந்து சும்மா நிற்கும். ஒன்று இல்லையென்றால் இரண்டும் இல்லை.

சிறுநீரகத்தைச் செய்தவர் இந்த விஷயத்தில் இன்னும் கெட்டிக்காரர். ஒன்று போனாலும் ஒன்று போதும். என் மனைவிக்கு இரண்டும் போய்விட்டன.

செவ்வாய், வியாழன், சனி. வாரத்துக்கு மூன்று முறை திருவள்ளூரில் டயாலிசிஸ். இரண்டு வருடமாக. அவள் குடிக்கும் தண்ணீர் தானாக வெளியே போகாது. இயந்திரம்தான் எடுக்க வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர், அதில் பேனாவால் நான் போட்ட கோடு. காபி, ரசம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். காலையில் எழுந்ததும் எடை பார்ப்போம். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் இரண்டு கிலோ ஏறலாம். அதற்கு மேல் போனால் முதலில் கால் வீங்கும், அப்புறம் மூச்சு வாங்கும். அந்தத் தண்ணீர் நெஞ்சில் ஏறிவிட்டால் எதையும் எடை போட வேண்டியிருக்காது.

“ஏரிக்காச்சும் கலங்கல் கீது, ரொம்புனா வழிஞ்சுடுது” என்றாள் ஒரு நாள், வீங்கிய பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே. “எனக்கு அத்த வெக்க மறந்துட்டான் பாருங்க.”

ஆயுத பூஜையன்று ஜீப்புக்குப் பொட்டு வைப்பது அவள் வேலை. பானெட், ஸ்டீயரிங், விளக்குகள், பிறகு நான்கு சக்கரங்களின் நடுவிலும். முன் சக்கரத்து மூடி அவளுக்கு நெற்றி மாதிரி தெரியும். சரியாகத் திருகின் மேல்தான் மூன்று விரல் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைப்பாள். அவள் சுண்டல் எடுக்க உள்ளே போனதும் நான் ஈரத்துணியால் அந்த இரண்டை மட்டும் துடைத்துவிடுவேன். ஒவ்வொரு வருடமும் கண்டுபிடிப்பாள். ஒவ்வொரு வருடமும் திட்டுவாள். “ஊர்ல எல்லா வண்டியும் பொட்டோட போவுது, உங்க வண்டி மட்டும் மூளியா போவுணுமா?”

போன வருடம் அவளால் நின்று செய்ய முடியவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் ஸ்டூலை நகர்த்த நகர்த்த, ஒவ்வொரு சக்கரமாக வைத்தாள். ஊசி குத்துவதற்காக நரம்பை இணைத்துத் தைத்த இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும். பன்னீர் விட்டுச் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்திருந்தாள். முன் வலது சக்கரம் கடைசி. அதில் மிச்சமிருந்ததையெல்லாம் அப்பிவிட்டு, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “இந்த வருசம் நல்லா வந்துகீது இல்ல?” என்றாள்.

ஈரத்துணி என் கையில் இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாதம் முதல் தேதி ஜீப்பின் பட்டியலைப் பார்ப்பது என் வழக்கம். அதிலும் இருபத்திரண்டுதான். பதினேழாவது, முன் சக்கரத்துத் திருகுகளைப் பூட்டி, மண்ணில் நாலடி ஓட்டிப் பார்ப்பது. பதினெட்டாவது, முன் அச்சின் எண்ணெய். அந்த முதல் தேதி டயாலிசிஸ் நாளாக விழுந்தது. திரும்பி வரும்போது அவள் வண்டியிலேயே துவண்டு கிடந்தாள். அவளைப் படுக்க வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்து, அந்த மர நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, பேனாவை எடுத்தேன். பதினாறு வரை உண்மையிலேயே காலையில் பார்த்திருந்தேன். மீதி ஆறுக்கும் ஒரே இழுப்பு. காகிதம் சுத்தமாக இருந்தது.

அடுத்த வாரம் மழை பிடித்தது. சவுடுக்காகத் தோண்டிய பள்ளங்களை நிரப்பவே ஏரிக்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும், இந்த வருடம் ஏரி வழியாது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். செவ்வாய் மாலை நாங்கள் திருவள்ளூரிலிருந்து திரும்பும்போது பாலத்தில் எட்டுக் கல். புதன் காலை ஆறு.

பக்கத்து வீட்டுக்காரர் சின்னக் கார் வைத்திருப்பவர். சிப்காட்டில் வேலை. செவ்வாயன்றே மனைவி மக்களைக் கும்மிடிப்பூண்டியில் மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதன் காலை துணிப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து போகத் தயாராக நின்றார். ஊரில் மிச்சமிருந்தவர்களும் அப்படித்தான் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்களும் கெளம்பிடுங்க சார். அம்மாவ வெச்சுகினு இங்க எதுக்கு?”

“எனக்கு ஆறு கல்லு போதும்ப்பா” என்றேன்.

வியாழன் காலை நான்கு கல்தான் தெரிந்தது. அதில் இறங்க நானே சம்மதிக்கமாட்டேன். டயாலிசிஸ் மையத்துக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை எப்படியாவது வந்துவிடுங்கள், இன்னொன்றைத் தவறவிடக் கூடாது என்றார்கள். வெள்ளியும் நான்கு கல். அன்று காலை எடை மூன்றரை கிலோ கூடியிருந்தது. அவளால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். பாட்டிலில் கோடு போட்ட தண்ணீரில் பாதியை அவள் தொடவே இல்லை. நான் மாடிக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். இறங்கி வரும்போதெல்லாம் அவள் நான்கு விரலைக் காட்டி, கண்ணால் கேட்பாள். நான் தலையாட்டுவேன்.

ஜீப் இல்லாதவர்கள் எல்லோரும் வெளியே பத்திரமாக இருந்தார்கள்.

சனி காலை ஏழு மணிக்கு ஆறு கல். ஆனால் மேற்கே, ஆந்திரப் பக்கம், வானம் கரிச்சட்டி மாதிரி இருந்தது. இந்த ஆறு மத்தியானம் வரை ஆறாக இருக்காது என்பது தெரிந்தது. தடியை ஊன்றிக்கொண்டு பாலத்தில் நடந்து பார்த்துவிட்டு வந்தேன். நடுவில் முழங்காலுக்கு நான்கு விரல் கீழே. முழங்காலைத் தொட்டால் வண்டி இறங்கக் கூடாது என்பது விதி. தொடவில்லை.

அவளை ஏற்றி உட்கார வைத்தேன். இடது திருகைத் திருப்பினேன், ‘டக்’கென்று விழுந்தது. வலது திருகின் மேல் எழுத்தே தெரியவில்லை. சந்தனம் காய்ந்து, அதன் மேல் ஒரு மாதச் சேறு. பலம் கொடுத்துத் திருப்பினேன். திரும்பியது, நின்றது. சத்தம் கேட்டதா என்றால், மழை வண்டி நிற்கும் தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. வண்டிக்குள்ளிருந்து அவள் மூச்சு இழுக்கும் சத்தம் வேறு. பூட்டிய பிறகு இன்னோர் ஆளை வெளியே நிறுத்தி, முன் சக்கரம் இழுக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அதுவும் நான் எழுதியதுதான். ஊரில் ஆட்கள் இருந்தார்கள், புதன்கிழமை வரை.

பாலத்தருகே ஜன்னல்களை இறக்கச் சொன்னேன், பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன்.

“பெல்ட்டு எதுக்குங்க கழட்டறது?”

“புடவை சிக்கிக்கும்.”

“எறங்கி ஓடறப்பவா?” என்றாள்.

முதல் கியர், சின்னத் தடியும் போட்டாயிற்று. தண்ணீருக்குள் இறங்கினால் கிளட்சைத் தொடக் கூடாது, வேகம் கூட்டவோ குறைக்கவோ கூடாது. தண்ணீர் இடமிருந்து வலமாக, அவள் பக்கமிருந்து என் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. பழுப்புத் தண்ணீர். அதில் ஒரு பிளாஸ்டிக் குடம் எங்களுக்கு முன்னால் பாலத்தைத் தாண்டி விழுந்து காணாமல் போனது. கான்கிரீட் தளம் என்பதால் பின் சக்கரங்களே போதுமானதாக இருந்தன. அதை நான் அப்போது என் திறமை என்று நினைத்தேன்.

பாலம் முடிந்து அக்கரை மேடு ஏறும் இடத்தில்தான் சவுடு மண் சேறாகக் கிடந்தது. வண்டியின் மூக்கு மேலே ஏறியது. அவ்வளவுதான். பின் சக்கரங்கள் வீணாகச் சுற்றின. வண்டி நின்றது, பிறகு மெதுவாக, மிக மெதுவாக, பின்னால் வழுக்கியது. பிரேக்கைப் பிடித்தும் வழுக்கியது. பின்பகுதி வலது ஓரத்தை நோக்கித் திரும்பியது. மறுபடி தண்ணீருக்குள் போய், ஒரு காவல் கல்லில் பின் சக்கரம் இடித்து நின்றது. அந்தக் கல்லுக்கு அப்பால் ஓடை.

மேட்டின் மேலே டிராக்டரோடு ஒருவர் நின்றிருந்தார். அக்கரை ஊர் விவசாயி, என் மனைவிக்குத் தம்பி முறை. நெல் வயலைப் பார்க்க வந்தவர்.

“மாமா! பின்னாடி மட்டும்தான் சுத்துது! முன்னாடி ரெண்டும் சும்மா கீது!”

“ஃபோர் வீல் போட்டாச்சுப்பா!”

“நீ போட்ட மாமா, வண்டி போட்டுக்கலியே!”

டிராக்டரில் கயிறு இருந்தது, எட்டவில்லை. டிராக்டரை அந்தச் சேற்றில் இறக்கினால் அதுவும் எங்களோடு வந்து சேர்ந்துகொள்ளும். அவர் கீழே ஓடி வந்து, என்ன நினைத்தாரோ, பானெட்டில் இரண்டு கையையும் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஜீப்பை ஒரு மனிதன் பிடித்து நிறுத்த முடியாது. ஆனாலும் நான் அவரைத் தடுக்கவில்லை.

கைப்பிரேக்கைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கினேன். முன் வலது சக்கரத்தின் பக்கம் குனிந்தேன். திருகு ‘லாக்’ எழுத்துக்கு அரை விரல் முன்னாலேயே நின்றிருந்தது. திருகுக்கும் மூடிக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், நகம் உடைந்தது. கருவிப்பெட்டி பின் சீட்டுக்கு அடியில், தண்ணீரில்.

“ஒரு கம்பி, ஊக்கு, எதாச்சும் கீதா?” என்று கத்தினேன்.

அவள் என் சீட்டின் பக்கமாகச் சாய்ந்து ஜன்னல் வழியே கையை நீட்டினாள். வலது கை வளையலில் எப்போதும் மாட்டியிருக்கும் ஊக்கு. அதை விரித்துப் பள்ளம் முழுக்கச் சுரண்டினேன். மஞ்சளாகக் கட்டி கட்டியாகப் பெயர்ந்து என் விரல் வழியாக வழிந்தது. குனிந்திருந்த என் முகத்தில், டீசல் புகையிலும் சேற்று நாற்றத்திலும், பன்னீர் வாசனை அடித்தது. பின்னால் கல் ஒரு முறை நறநறத்தது.

“இன்னாங்க அது?” தலைக்கு மேலே அவள் குரல்.

“சேறு.”

திருகு ‘டக்’கென்று விழுந்தது.

அதன் பிறகு வண்டி மேடு ஏறியதைச் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு சக்கரமும் இழுத்தால் அது ஏறும், அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். மேலே நின்றதும் தம்பி ஜன்னலில் எட்டிப் பார்த்து, “ஊர்ல எவன் வண்டிய பாத்தாலும் கொற சொல்லுவியே மாமா” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “போ போ, அக்காவ இட்டுனு போ” என்றார். கண்ணாடியில் பார்த்தேன். எங்களைத் தாங்கி நின்ற கல் சாய்ந்துவிட்டிருந்தது. இனி அந்தப் பக்கத்துக்கு எட்டுக் கல்தான்.

திருவள்ளூரில் எடை பார்த்தபோது நாலு கிலோ எழுநூறு கூடுதல். “மொத்தத்தையும் ஒரே நாள்ல எடுக்க முடியாதும்மா” என்றார் அங்கிருந்த நர்ஸ். “நாளைக்கும் வாங்க.” நடுவில் ரத்த அழுத்தம் இறங்கி, கால் நரம்பு இழுத்து, அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். மாலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதயம் கொஞ்சம் விரிந்திருக்கிறது என்றார். இந்த மூன்று நாளில் ஆனதா, முன்பே இருந்ததா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

ஊருக்குத் திரும்பவில்லை. மருத்துவமனைக்கு எதிர்ச்சந்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். அவ்வளவு சுலபமான காரியம் அது. புதன்கிழமை செய்திருக்கலாம். இருபத்திரண்டு எழுதியவன், ஆபத்து இருக்கும் இடத்தில் இருக்காதே என்று இருபத்துமூன்றாவதாக ஒன்றை எழுதவில்லை. அதை எழுத ஜீப் தேவையில்லை.

திங்களன்று அவளை அறையில் விட்டுவிட்டு ஜீப்பை பாயிடம் கொண்டுபோனேன். அவர் முன் அச்சின் அடிமூடியைத் திறந்து, வழிந்ததை உள்ளங்கையில் பிடித்துக் காட்டினார். கறுப்பாக வர வேண்டிய எண்ணெய், பால் அதிகமாக ஊற்றிய டீ மாதிரி இருந்தது.

“தண்ணி உள்ள பூந்துகினு கீது சார்.”

“சனிக்கிழமையா?”

“யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு வாட்டி எறங்கறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா பூந்துருக்கும். இதுல இன்னா பேஜாருன்னா சார், சவுண்டு வர வரிக்கும் ஒண்ணும் தெரியாது. சவுண்டு வந்துட்ச்சின்னா உள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.” கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “மாசா மாசம் பாப்பீங்களே?”

“டிக் போட்டிருந்தேன் பாய்.”

அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

செவ்வாயன்று அவளுக்கு ஊசி குத்தி, குழாய்களில் ரத்தம் ஓட ஆரம்பித்ததும் நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். வெளியே மழை விடவில்லை. கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

“அது நான் வெச்ச சந்தனம்தான?”

“சேறுன்னு சொன்னேன் இல்ல?”

“சேத்துல பன்னீர் வாசனை வருமா? ஊக்க குடுக்க குனிஞ்சனே, எனக்கு மூக்கு இல்லியா?”

அவள் காலில் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டேன்.

“வருசா வருசம் தொடைப்பீங்களே. இந்த வாட்டி ஏன் வுட்டீங்க?”

இயந்திரத்தின் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, வுடுங்க. அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த எடத்துல வெக்கல, டயர்ல வெக்கறேன்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “இருந்தா” என்றாள்.

‘இருப்பே’ என்று சொல்ல வாய் எடுத்தேன். எந்தக் கணவனும் சொல்வான். ஒரு சொல்தான். ஆனால் பார்க்காமல் டிக் போடுவதை நான் விட்டிருந்தேன். அவள் கையின் மேல் என் கையை வைத்தேன். திரையில் ஓடும் எண்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன்.